நீர்ச்சறுக்குப் பைண்டிங்கைத் தேர்ந்தெடுத்தல்: பிடிப்பும் விடுவிப்பும்

1922-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெபின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் முதன்முதலாக நீரின்மேல் சறுக்கியபோது, அவருடைய மரப்பலகைகளில் பாதத்தைப் பிடித்திருந்தவை வெறும் தோல் வார்களே. விழுந்தால் கால் தானாகவே வெளியே வந்துவிடும்; ஆனால் அந்த வாரை நம்பிக் கூர்மையான திருப்பம் எதையும் எடுக்க முடியாது. அதற்குப் பின் வந்த ரப்பர், நியோபிரீன், அலுமினியத் தகடு, கடின ஓடு எல்லாமே பாதத்தின் அசைவு தாமதமின்றி ஸ்கீக்கு, அதாவது சறுக்குப் பலகைக்கு, செல்லும்படி பிடிப்பை இறுக்கிக்கொண்டே வந்தவை. பிடிப்பு இறுக இறுக, விழும்போது கால் வெளியேறுவது கடினமாயிற்று. பாதத்தை ஸ்கீயோடு பிணைக்கும் அமைப்பான பைண்டிங், பிடிப்பது, விழும்போது விடுவிப்பது என்ற இந்த இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். கடையில் அதைப் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையை மட்டும் சோதித்துவிட்டு வாங்கிவருகிறார்கள். இரண்டாவது வேலையின் சோதனை நீரில், வேகத்தில், அவர்களுடைய கணுக்காலின் மேல் நடக்கிறது.

பனிச்சறுக்குப் பைண்டிங்குகளில் உடல் எடை, உயரம், வயது, திறமை, காலணி அடியின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு விடுவிப்பு அளவைக் கணக்கிட்டு, எண்ணாக அமைத்துக்கொள்ள முடியும். நீர்ச்சறுக்கு ரப்பர் பூட்டில் அப்படித் திருப்பி அமைக்க எண் எதுவும் இல்லை. அளவு, லேசின் இறுக்கம், ரப்பரின் வயது, கால் நனைந்திருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அது எப்போது விடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே தேர்வின் பொறுப்பு வாங்குபவர் கையிலேயே இருக்கிறது.

படி 1: எந்த வகைச் சறுக்கலுக்கு என்பதை முடிவு செய்யுங்கள்

இரண்டு ஸ்கீகளில் கற்கத் தொடங்குபவருக்கும், வீட்டில் பலர் ஒரே ஜோடியைப் பகிர்ந்துகொள்ளும் நிலைக்கும், குதிகால் பகுதி முன்னும் பின்னும் நகரும் அட்ஜஸ்டபிள் பைண்டிங்கே பொருத்தமானது. மெல்லிய ரப்பர் பாதத்தின் முன்பகுதியை மூடியிருக்கும். பின்னால் ஒரு குதிப்பட்டை, தண்டவாளம் போன்ற தடத்தில் நகர்ந்து வேண்டிய இடத்தில் பூட்டிக்கொள்ளும். பிடிப்பு சுமார்தான். ஆனால் கற்பவர் மெதுவான வேகத்தில் அடிக்கடி விழுவார் என்பதால், எளிதாகக் கழன்றுவருவது இங்கே குறையாகாது.

ஒற்றை ஸ்கீயில் ஸ்லாலம் (மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றும் சறுக்கல்) செய்பவருக்கு முன்காலில் முழு பூட் தேவை. குட்டையான ரப்பர் பூட், கணுக்காலுக்கு மேல் ஏறும் உயர்ந்த பூட், லேஸ் கட்டும் மென்பூட், தகட்டோடு சேர்ந்து கழலும் கடின ஓடு என்று வகைகள் பல. ஆண்களுக்கான போட்டி ஸ்லாலமில் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த வேகத்தில் கயிற்றைக் குறுக்கிக்கொண்டே மிதவைகளைச் சுற்றுபவருக்கு வேண்டிய பிடிப்பு, ஓய்வுநாளில் மணிக்கு 45 கிலோமீட்டரில் அலையைக் கடந்து விளையாடுபவருக்குத் தேவையில்லை. போட்டியாளர் போட்டிருக்கிறார் என்பதற்காக அதே பூட்டை வாங்குவது வீண்செலவு என்பதோடு, ஆபத்தும்கூட.

வித்தைகள் காட்டுவதற்கான ட்ரிக் ஸ்கீக்கு உயர்ந்த, நெருக்கமான பூட்டுகள் வழக்கம். அதில் கயிற்றைக் காலில் மாட்டிச் செய்யும் வித்தைகளுக்குப் படகில் ஒருவர் கயிற்றின் விடுவிப்புக் கருவியைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருக்க வேண்டும். அங்கே பைண்டிங் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. வேக்போர்டின் (பக்கவாட்டில் நின்று சறுக்கும் அகன்ற பலகையின்) பூட்டுகளைக் கழற்றி ஸ்லாலம் ஸ்கீயில் பொருத்துவதை மட்டும் எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். அவை விழும்போது கால் உள்ளேயே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை.

படி 2: முன்கால் எது என்று அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு ஸ்கீகளில் சென்றுகொண்டிருக்கும்போது ஒரு ஸ்கீயை நீரிலிருந்து சற்றே தூக்கிப் பாருங்கள். எந்தக் காலின்மேல் தடுமாறாமல் நிற்க முடிகிறதோ அதுவே முன்கால். கரையில் நிற்கும்போது யாரையாவது முதுகில் எதிர்பாராமல் மெல்லத் தள்ளச் சொல்லி, எந்தக் கால் முன்னே போகிறது என்று பார்ப்பதும் உண்டு. அது ஒரு குறிப்பு மட்டுமே. இரண்டும் முரண்பட்டால் நீரில் கிடைத்த விடையை நம்புங்கள்.

படி 3: பின்காலுக்கு வாரா, பூட்டா?

ஒற்றை ஸ்கீ வாங்குபவர் எடுக்க வேண்டிய மிகப் பெரிய முடிவு இதுதான். நீண்டகாலமாகச் சறுக்குபவர்களிடமும் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

பின்கால் வார் என்பது பாதத்தின் முன்பகுதியை மட்டும் மூடும், குதியைத் திறந்துவிடும் அமைப்பு. ஆழநீரில் புறப்படும்போது பின்காலை வெளியே வைத்துச் சுக்கான் போல இழுத்துக்கொண்டு எழுந்து, நிலைபெற்றபின் உள்ளே செருகலாம். இரண்டு ஸ்கீகளில் எழுந்து ஒன்றை உதறிவிட்டு ஒற்றை ஸ்கீக்குப் பழகுபவருக்கு இதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் ஓட்டத்தில் பூட்டுக்குள் கால் நுழைப்பது நடவாத காரியம். விழும்போது பின்கால் உடனே விடுபடும். ஆனால் அப்படிப் பின்கால் வெளியே வந்து, முன்கால் மட்டும் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால், ஸ்கீ முழுவதும் ஒரு நெம்புகோலாக மாறி அந்த ஒரு கணுக்காலை முறுக்கும். எனவே பின்கால் வார் பயன்படுத்துபவரின் முன் பூட், குதியை எளிதில் விடுவதாக இருந்தாக வேண்டும்.

இரட்டை பூட் அமைப்பில் இரண்டு பாதங்களும் ஒன்றாக நிற்பதால் ஸ்கீயின் மீதான கட்டுப்பாடு சீராக இருக்கும். திருப்பத்தில் பின்குதி தூக்கிக்கொள்ளாது. புறப்பாட்டின்போது இரண்டு கால்களும் உள்ளேயே இருப்பதால் நீரில் சமநிலை பிடிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும். இதில் அஞ்ச வேண்டியது ஒரு கால் வெளியே வந்து மற்றது உள்ளே தங்கிவிடும் விழுகை. முன் பூட் புதிதாக இறுக்கமாகவும் பின் பூட் பழையதாகத் தளர்ந்தும் இருந்தாலோ, ஒன்றின் லேஸ் மற்றதைவிட அழுத்திக் கட்டப்பட்டிருந்தாலோ, இந்த வகை விழுகைக்கு நாமே வழிசெய்து கொடுத்தவர்கள் ஆவோம். இரண்டும் ஒன்றாக விட வேண்டும். அல்லது, ஒற்றைத் தகட்டின்மேல் அமைந்த கடின ஓட்டு வகைகளில் போல, இரண்டும் தகட்டோடு ஒன்றாகக் கழல வேண்டும்.

பொழுதுபோக்காகச் சறுக்குபவர்களுக்கும், ஒற்றை ஸ்கீக்கு இப்போதுதான் மாறுபவர்களுக்கும் முன் பூட்டும் பின்கால் வாரும் கொண்ட அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். ஸ்லாலம் பாதையில் தொடர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கியபின், பின்குதி தூக்குவதுதான் உண்மையான தடை என்று தெரிந்தால், இரட்டை பூட்டைப் பற்றி எண்ணலாம்.

படி 4: அளவு

பைண்டிங்கின் அளவை உடல் எடையைக் கொண்டோ ஸ்கீயின் நீளத்தைக் கொண்டோ முடிவு செய்யக் கூடாது. ஸ்கீயின் நீளம்தான் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. பூட்டின் அளவு பாதத்தை மட்டுமே பொறுத்தது. தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் உங்கள் அளவு இரண்டு வரம்புகளுக்கு நடுவே விழுந்தால், சிறியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பழைய அறிவுரையை ரப்பர் பூட்டுக்கு மட்டும், அதுவும் போட்டுப் பார்த்தபின் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். நீரில் ரப்பர் இளகி, உலர்ந்த நிலையில் இருந்ததைவிடத் தளர்வாக உணரப்படும் என்பதே அந்த அறிவுரையின் காரணம். லேஸ் கட்டும் பூட்டில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால், அங்கே சிறிய அளவில் காலைத் திணிப்பதால் விரல்கள் மடங்குவதுதான் மிச்சம்.

மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீரில் மெல்லிய நியோபிரீன் காலுறை அணியும் வழக்கம் இருந்தால், அதை அணிந்தே சோதியுங்கள். காலுறையில்லாமல் பொருந்திய பூட், காலுறையோடு கழலவே கழலாத பூட்டாகிவிடும்.

பாதத்தின் வடிவமும் முக்கியம். அகன்ற முன்பாதம் உள்ளவர்களுக்கு விரல்பகுதி திறந்திருக்கும் பூட் பெரும்பாலும் நன்றாக அமையும், அதில் நீளத்திலும் சற்று இடம் கிடைக்கும். புறங்கால் உயர்ந்தவர்கள், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை முழுமையாகத் திறக்க வல்ல லேஸ் பூட்டைத் தேட வேண்டும். ஒரே அச்சில் வார்த்த ரப்பர் பூட் அவர்களுக்குப் புறங்காலில் அழுத்திக்கொண்டே இருக்கும். குதி ஒடுங்கியவர்களின் சிக்கல் வேறு: முன்பகுதி பொருந்தியிருக்கும்போதே குதி தூக்கும். அவர்கள் மேல் லேஸை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அது தவறான இடத்தில் செய்யும் சரி. குதியைச் சுற்றித் தடித்த நுரை உள்ள உட்பூட்டோ, வெப்பத்தில் வார்த்துப் பாதத்துக்கு ஏற்ப அமைக்கும் உட்பூட்டோ அவர்களுக்கு ஏற்றது.

குழந்தைகளுக்கு, வளரும் கால்தானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது செருப்பு விஷயத்தில் சரியாக இருக்கலாம். பைண்டிங்கில் அப்படிச் செய்தால் குதி உள்ளே ஆடும், குழந்தை அச்சத்தில் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், சில நிமிடங்களில் பாதத்தில் தசைப்பிடிப்பு வந்துவிடும். நகரும் குதிப்பட்டை உள்ள பைண்டிங் இருக்கும்போது இந்தச் சிக்கலே தேவையில்லை.

படி 5: கரையிலேயே செய்ய வேண்டிய சோதனை

பூட்டையும் பாதத்தையும் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ரப்பருக்குள் உலர்ந்த காலை இழுத்து நுழைக்கும் சோதனை எதையும் சொல்லாது. பைண்டிங்குக்கென்று விற்கும் வழுக்குத் திரவத்தையோ நீரில் கரையும் சோப்புக் கரைசலையோ தடவலாம். பெட்ரோலியம் கலந்த எண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பரில் தடவக் கூடாது, அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். குதிமடலை முழுக்கையால் அகலமாகப் பிடித்து மேலே இழுங்கள். நகங்களால் விளிம்பைக் கவ்வி இழுத்தால், அங்கே விழும் சிறு கீறலே பின்னர் கிழிசலாகும்.

பாதம் உள்ளே போனதும், ஸ்கீயைக் கம்பளம் விரித்த படியின்மேலோ புல்மேட்டின்மேலோ வைத்து, அடியில் பின்பக்கம் உள்ள ஃபின் (துடுப்பு போன்ற தகடு) தரையில் அழுந்தாதபடி பின்பகுதியை விளிம்புக்கு வெளியே விட்டு நில்லுங்கள். முழங்காலை மெல்ல முன்னால் மடியுங்கள். கணுக்கால் தடையின்றி மடிய வேண்டும்; குதி தட்டையாகவே இருக்க வேண்டும். முழங்காலை மடித்த நிலையிலேயே இடமும் வலமுமாகச் சாய்ந்தால், பாதம் உள்ளே நழுவாமல் ஸ்கீ உடனே உருள வேண்டும். பிடிப்பு போதுமா என்ற கேள்விக்கு விடை இதில் கிடைத்துவிடும்.

அப்படியே பத்து நிமிடம் இருங்கள். விரல் நுனி மரத்துப்போவது, விரல்கள் வெளுப்பது, கணுக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் வலி குத்துவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த பூட் உங்களுக்கானது அல்ல. பழகப் பழகச் சரியாகும் என்று விற்பவர் சொல்லலாம். ரப்பர் ஓரளவு இளகும் என்பது உண்மை, ஆனால் எலும்பின்மேல் வரும் அழுத்தம் இளகுவதைக் காத்திருந்து பார்ப்பதில் பொருளில்லை.

இனி விடுவிப்புச் சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவரை ஸ்கீயின் முன்பகுதியையும் பின்பகுதியையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைகளைப் பயன்படுத்தாமல், முழங்காலை முன்னே தள்ளியபடி குதியை மேல்நோக்கி இழுங்கள். முன்னோக்கிக் கவிழும் விழுகையில் கால் வெளியேற வேண்டிய திசை இதுவே. குதி முதலில் எழ வேண்டும், அதன் பிறகு விரல்கள் பின்னால் நழுவி வெளியே வர வேண்டும். ஒரே உறுதியான இழுப்பில் குதி எழுந்தால் நல்லது. சும்மா தூக்கினாலே எழுந்தால் அது புறப்பாட்டிலேயே கழன்றுவிடும். இருமுறை, மும்முறை பற்களைக் கடித்து இழுத்தும் எழவில்லையென்றால், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அந்த வேலையை நீரில் செய்ய வேண்டியிருக்கும், அவை அதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல. இரட்டை பூட்டாக இருந்தால், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியே இதைச் செய்து, இரண்டுக்கும் தேவைப்படும் விசை ஏறக்குறைய ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

லேஸ் பூட்டில் இந்தச் சோதனையின்போதே இறுக்கத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். புறங்காலின் மேல் வரும் கீழ் லேஸ் பாதத்தை அசையாமல் வைக்கிறது, அதை இறுக்கலாம். கணுக்காலுக்கு மேல் வரும் லேஸ் குதி வெளியேறும் வழியை அடைக்கிறது, அதைத் தளர்வாகவே விட வேண்டும். இழுபடும் லேஸ் உள்ள பூட்டில் இது இன்னும் எளிது, ஏனென்றால் விழும் விசையில் லேஸே நீண்டு வழிவிடும். நாடாவை இரட்டை முடிச்சிட்டு இறுக்கிக் கட்டும் பழக்கத்தை ஓடும் காலணிக்கே விட்டுவிடுங்கள்.

படி 6: கடின ஓடும் கழலும் தகடும்

இந்த வகையில் கால் பூட்டிலிருந்து வெளியே வருவதில்லை, பூட்டே ஸ்கீயிலிருந்து கழல்கிறது. சிலவற்றில் ஸ்பிரிங் விசையால் இயங்கும் முன்பிடி; சிலவற்றில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டைகள். பிடிப்பு மிகத் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுவிப்பு முழுவதும் அமைப்பைச் சார்ந்தது. ஸ்பிரிங்கைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி குறைந்த இழுவிசையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பட்டைகளுக்கு நடுவே மணல் புகுந்தால் பிடி குறையும், தேய்ந்தால் திடீரென்று விடும், தேவைக்கு மேல் பட்டைகளை ஒட்டினால் விடவே விடாது. ஒவ்வொரு நாளும் நீரில் இறங்குமுன் கரையிலேயே ஒருமுறை கழற்றிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் இந்த வகையை வாங்காமல் இருப்பது நல்லது.

படி 7: பொருத்துதல்

வாங்குமுன் தகட்டின் துளைகள் உங்கள் ஸ்கீயில் பதிந்துள்ள இன்செர்ட்டுகளோடு (ஸ்க்ரூ ஏறும் புரியுள்ள குழிகளோடு) ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே இடைவெளியில் துளையிடுவதில்லை. ஸ்க்ரூவின் நீளத்தில் கவனம் தேவை. குட்டையாக இருந்தால் ஓரிரு புரிகளில் மட்டும் பிடித்து, இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். நீளமாக இருந்தால் ஸ்கீயின் அடித்தளத்தை உள்ளிருந்தே குத்தி உயர்த்தும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்களைக் கை ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். மின்திருகியின் வேகத்தில் இன்செர்ட்டின் புரி அழிந்துபோனால் அதைச் சீராக்குவது பெரும்பாடு. எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் தளர்வாக மாட்டி, பூட் நேராக நிற்கிறதா என்று பார்த்தபிறகே குறுக்குக்குறுக்காக இறுக்க வேண்டும்.

பூட்டின் இடம் ஸ்கீயின் பின்நுனியிலிருந்து குதிவரை அளக்கப்படுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடும் துளையில் தொடங்குங்கள். முன்னே நகர்த்தினால் ஸ்கீயின் முன்பகுதி நீரில் அதிகம் அழுந்தித் திருப்பம் கூர்மையாகும், முன்னோக்கிக் கவிழும் வாய்ப்பும் கூடும். பின்னே நகர்த்தினால் முன்நுனி எழும்பித் திருப்பம் அகலமாகும். ஒரு நேரத்தில் ஒரு துளைதான். அதோடு சேர்த்து ஃபின்னையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. பின்கால் வாரை, முன் பூட்டின் குதியை ஒட்டிப் பின்காலின் விரல்கள் வரும்படி வையுங்கள். பாதம் புறங்கால்வரை நுழைந்து நிற்க வேண்டும், கணுக்கால்வரை உள்ளே போய்விடக் கூடாது. அப்படிப் போனால் வெளியே வருவதற்குப் பதிலாகச் சிக்கிக்கொள்ளும்.

படி 8: முதல் சில ஓட்டங்களில் கவனிக்க வேண்டியவை

வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகச் செல்லச் சொல்லுங்கள். படகின் அலையைக் குறுக்கே வெட்டும்போதோ புறப்பாட்டிலோ குதி நழுவினால் கீழ் லேஸை இறுக்கலாம், ரப்பர் பூட்டாயின் ஓர் அளவு குறைக்கலாம். மாறாக, கடுமையாக விழுந்தும் கால் உள்ளேயே இருந்தது என்றால், காயம் இல்லை என்பதால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல் லேஸைத் தளர்த்தி, சோதனையை மீண்டும் செய்யுங்கள். விழுந்தபின் கணுக்காலின் வெளிப்பக்கமோ குதிக்கு மேலோ வலித்தால் அன்றைய சறுக்கலை நிறுத்திவிடுவதே சரி.

படி 9: பராமரிப்பும் மாற்றுதலும்

உப்புநீரில் சறுக்கியபின் நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். ரப்பரின் பகை வெயில்தான். படகின் மேல்தளத்திலோ மூடிய காரின் பின்கண்ணாடியை ஒட்டியோ நாள்முழுவதும் கிடக்கும் பைண்டிங், சறுக்காமலேயே மூப்படைந்துவிடும். பூட்டைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் நடப்பதும் அடித்தகட்டையும் தையலையும் தளர்த்தும்.

ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூக்களை விரலால் தொட்டுப் பாருங்கள். அத்துடன் ரப்பர் அலுமினியத் தகட்டுக்கு அடியில் நுழையும் அந்தக் கோட்டை, ரப்பரைச் சற்றே வளைத்துப் பிடித்துப் பாருங்கள். தலைமயிர் அளவிலான விரிசல்கள் முதலில் அங்கேதான் தோன்றும், நேராகப் பார்த்தால் தெரியாது, வளைத்தால்தான் வாய்திறக்கும். விரிசல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வந்துவிட்டால் அந்த மடல் கிழியும் நாள் தூரத்தில் இல்லை. பழைய ஸ்கீயை யாரிடமிருந்தாவது வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே; ஸ்கீ நன்றாக இருந்து ரப்பர் மட்டும் காய்ந்து பளபளப்பு இழந்திருந்தால், புதிய பைண்டிங்கின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

இரட்டை பூட்டில் ஒன்று மட்டும் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றத் தோன்றும். புதிய ரப்பர் இறுக்கமாகவும் பழையது தளர்வாகவும் இருக்கும் ஜோடி, மூன்றாம் படியில் சொன்ன ஒருகால் மட்டும் மாட்டிக்கொள்ளும் விழுகைக்கு நேராக இட்டுச்செல்லும். ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றி, விடுவிப்புச் சோதனையை இரண்டு கால்களுக்கும் மறுபடியும் செய்துவிட்டு நீரில் இறங்குங்கள்.